ரோட்டரி கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

கேள்வி இதுதான்: "ஓய்வுபெற்று விருதுநகர் பக்கம் ஒரு சிறு நகரத்தில் குடியேறியிருக்கிறேன். பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர் ரோட்டரி கூட்டத்துக்கு ஒருநாள் வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். பேப்பரில் நான் பார்ப்பதெல்லாம் பொன்னாடையும் குரூப் போட்டோவும்தான். இவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்? கூட்டத்தில் என்ன நடக்கும்? சேர்ந்தால் செலவு எவ்வளவு ஆகும்? என் மனைவியும் சேரலாமா?"

முதலில் போய்ப் பாருங்கள். விருந்தினராக ஒரு கூட்டத்துக்குப் போனால் சேர்ந்தே தீர வேண்டும் என்று யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். நான் தேனிப் பக்கம் ஒரு ஊரில் ரோட்டரியில் இருக்கிறேன். செயலாளர், பொருளாளர் இரண்டும் பார்த்தாயிற்று. தலைவர் பதவியை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் பாசமும் இருக்கும், கொஞ்சம் அலுப்பும் இருக்கும். இரண்டையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இந்தச் சங்கங்களைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒன்று, குறிப்பிட்ட கிழமையில் தவறாமல் கூடுவது. இன்னொன்று, ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் தலைவர் மாறுவது. இவர்களிடம் நீங்கள் பார்க்கப்போகும் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்துதான் வருகின்றன.

கூடுவதிலிருந்து தொடங்குகிறேன். ரோட்டரி பிறந்ததே அப்படித்தான். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல் கடைக்காரர் என நான்கு பேர் ஒரு அலுவலக அறையில் உட்கார்ந்து பேசினார்கள். பெரிய நகரத்தில் தெரிந்த முகம் இல்லாமல் திண்டாடியவர்கள், முறைவைத்து ஒருவர் அலுவலகத்தில் மாற்றி ஒருவர் அலுவலகத்தில் கூடினார்கள். சுழன்று கூடியதால் ரோட்டரி. சேவை என்பது அப்புறம் வந்ததுதான். 1907 வாக்கில் சிகாகோவில் பொதுக் கழிப்பறை கட்டச் சொல்லி நகர நிர்வாகத்தை நெருக்கியது அவர்களுடைய ஆரம்ப வேலைகளில் ஒன்று. இந்தியாவுக்குக் கல்கத்தா வழியாக 1919-20இல் வந்தது, சென்னைக்கு 1929இல். சிறு நகரங்களுக்கு அதன் பிறகு மெல்ல மெல்லப் பரவியது. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பது பழைய விதி. இப்போது அது நன்றாகத் தளர்ந்துவிட்டது, ஆனாலும் அதன் வாசனை போகவில்லை. எந்த ஊர் ரோட்டரியிலும் ஒரு டாக்டர், ஒரு ஆடிட்டர், ஒரு நகைக்கடை, ஒரு பிரிண்டிங் பிரஸ், ஒரு பள்ளித் தாளாளர், ஒரு கட்டடப் பொறியாளர் இருப்பார்கள். இது ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

கூட்டம் எப்படி நடக்கும்? பெரும்பாலும் ராத்திரி ஏழரை மணிக்கு என்று போட்டிருப்பார்கள். எட்டு மணிக்குத் தொடங்கும். கடை வைத்திருப்பவர்கள் கல்லாவைக் கட்டிவிட்டு வர வேண்டும், டாக்டர் கடைசி நோயாளியைப் பார்த்துவிட்டு வர வேண்டும், அதனால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மேசைமேல் ஒரு பித்தளை மணி இருக்கும். தலைவர் சிறு சுத்தியால் அதைத் தட்டினால் கூட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தமிழ்த்தாய் வாழ்த்து அல்லது இறைவணக்கம், பிறகு நான்கு கேள்விச் சோதனை. இது உண்மையா, எல்லோருக்கும் நியாயமானதா, நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா, எல்லோருக்கும் பயன் தருமா என்று ஒருவர் வாசிக்க மற்றவர்கள் எழுந்து நின்று சொல்வார்கள். 1932இல் திவாலாகும் நிலையிலிருந்த ஒரு அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் தன் ஊழியர்களுக்காக எழுதியது அது. பாத்திரக் கம்பெனிக்கு எழுதிய நாலு வரி எங்கள் ஊர் கல்யாண மண்டப மாடியில் ஒலிப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அடுத்து செயலாளர் அறிக்கை. அதற்கடுத்து அந்த வாரம் பிறந்தநாள், திருமண நாள் கொண்டாடுகிறவர்களைத் தம்பதியாகக் கூப்பிட்டு ஒரு பூங்கொத்தோ எவர்சில்வர் பாத்திரமோ கொடுப்பார்கள். பிறகு விருந்தினர் பேச்சு. நல்ல செயலாளர் கையில் இந்தப் பேச்சு அருமையாக அமையும்: வனத்துறை அதிகாரி, சித்த மருத்துவர், ஜி.எஸ்.டி. பற்றிப் பேச ஒரு ஆடிட்டர், முதுமக்கள் தாழி தோண்டிய ஆசிரியர் என்று. ஆள் கிடைக்காத வாரம் யாராவது தன்னம்பிக்கைப் பேச்சாளர் வந்து மைக்கைக் கடித்துத் தின்பார். நன்றியுரை, தேசிய கீதம், மறுபடி மணி. பிறகு சாப்பாடு, இதற்கு ஃபெல்லோஷிப் என்று பெயர். உங்களை அண்ணன், தம்பி, சார் என்று கூப்பிடுவதற்குப் பதில் எல்லோரும் "ரொட்டேரியன்" என்று பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் சேர்த்துச் சொல்வது முதல் நாள் கொஞ்சம் நாடகம்போல் தெரியும். பழகிவிடும்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு "இதுதானா?" என்று வீடு திரும்பியவர்கள் உண்டு. நியாயம்தான். ஆனால் வேலை நடப்பது இந்த நிகழ்ச்சி நிரலில் இல்லை; மணி அடிப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்திலும், சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும் முக்கால் மணி நேரத்திலும்தான். அரசுப் பள்ளி தலைமையாசிரியை வந்து கழிப்பறைக் கதவு உடைந்து கிடக்கிறது என்று சொன்னார் என்று ஒருவர் சொல்வார். தச்சுப் பட்டறைக்காரர், "பழைய கதவு ரெண்டு கிடக்கு, நாளைக்கு அனுப்புறேன்" என்பார். தீர்மானம் கிடையாது, ரசீது கிடையாது, பேப்பரில் செய்தி கிடையாது. கதவு போய்விடும். ஊரில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒருவர் ஒரே இடத்தில் கூடினால் இதுதான் லாபம். அதனால்தான் பழைய ஆட்கள் வருகைப் பதிவில் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார்கள்: தொடர்ந்து நான்கு கூட்டம் வராவிட்டால் உறுப்பினர் பதவியே போய்விடும், வெளியூரில் இருந்தால் அந்த ஊர்ச் சங்கக் கூட்டத்துக்குப் போய் வருகையை ஈடுகட்ட வேண்டும். 2016இல் உலக அளவில் விதியைத் தளர்த்தி, மாதம் இரண்டு முறை கூடினால் போதும் என்றார்கள். எங்கள் ஊரிலும் மாதம் இரண்டு என்று மாற்றினோம். செலவு குறைந்தது உண்மை. ஆட்களுக்குள் இருந்த நெருக்கமும் குறைந்தது என்றுதான் சொல்வேன்.

சரி, பெரிய வேலை என்று என்னதான் செய்கிறார்கள்? தென் தமிழ்நாட்டில் எந்த அரிமா (லயன்ஸ்) சங்கத்தையோ ரோட்டரியையோ கேட்டாலும் முதலில் சொல்வது கண் சிகிச்சை முகாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு சங்கம் எதற்குப் பொருத்தமானது என்பது இதில்தான் தெளிவாகத் தெரியும்.

1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர்கள் வளர்த்த முறையில் மருத்துவம் முழுக்க மருத்துவமனையின் பொறுப்பு, ஆட்களைத் திரட்டுவது உள்ளூர் சங்கத்தின் பொறுப்பு. டாக்டரும் செவிலியரும் கருவிகளும் அவர்கள் கொண்டுவருவார்கள். இடம், விளம்பரம், சாப்பாடு, தொண்டர்கள் நாம். தேதியைப் பல மாதங்களுக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். இடம் பெரும்பாலும் பள்ளிக்கூடம்: நீள ஹால் வேண்டும், ஏனென்றால் எழுத்துப் பலகையிலிருந்து 6 மீட்டர் தள்ளி உட்கார வைத்துப் பார்வை சோதிப்பார்கள், ஜன்னலை அடைத்தால் இருட்டாகும் அறை ஒன்று வேண்டும், தண்ணீர், கரண்ட், கழிப்பறை வேண்டும். முகாமுக்கு முந்தைய இரண்டு நாள் ஆட்டோவில் மைக் கட்டிச் சுற்று வட்டாரக் கிராமங்களுக்குப் போவது முக்கியம். நோட்டீஸை ரேஷன் கடை, டீக்கடை, பால் சொசைட்டி, நூறு நாள் வேலை நடக்கும் இடம் என்று கொடுக்க வேண்டும். டவுனில் ஃபிளெக்ஸ் வைத்தால் சங்கத்தாருக்குப் பெருமை, கண்புரை வந்த பாட்டிக்கு அதை வாசிக்கவே தெரியாது.

நோட்டீஸில் கடைசியில் பொடி எழுத்தில் வரும் வரிகள்தான் உயிர்நாடி. "தலைக்குக் குளித்து, மாற்றுத் துணியுடன் வரவும். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைகளைக் கொண்டுவரவும். ஆதார் நகல் கொண்டுவரவும்." காரணம், அறுவைச் சிகிச்சை தேவை என்று தேர்வானவர்களை அன்று சாயங்காலமே பஸ்ஸில் ஏற்றி மதுரைக்கு அழைத்துப் போய்விடுவார்கள். சிகிச்சை, உள்ளே பொருத்தும் லென்ஸ், தங்குமிடம், சாப்பாடு, திரும்ப வரும் பயணம் எல்லாம் இலவசம். ஆனால் "ரெண்டு மூணு நாள் ஆகும்" என்று முன்கூட்டியே தெரியாமல் வந்த பெரியம்மா கடைசி மேசையில் நின்றுகொண்டு, "ஆட்டை யாருய்யா அவுப்பா?" என்று கேட்பார். மகனுக்குச் சொல்லாமல் வந்தேன், மருமகள் திட்டுவாள், பேத்திக்குச் சடங்கு இருக்கிறது என்று காரணங்கள் நீளும். அங்கே மருத்துவமனைக்காரர் பேசினால் எடுபடாது. அதே ஊர்ப் பலசரக்குக் கடைக்காரர் வந்து, "ஆத்தா, ஆட்டை நான் பாத்துக்கிடச் சொல்றேன், நீ பஸ்ல ஏறு" என்றால் ஏறிவிடுவார். அவர்தான் உங்கள் ரோட்டரி உறுப்பினர். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் சங்கம் தேவைப்படுகிறது.

முன்பெல்லாம் அறுவைச் சிகிச்சையையே பள்ளிக்கூடத்திலும் பந்தலிலும் செய்தார்கள். இன்று ஆட்களை மருத்துவமனைக்கே கொண்டுபோவதற்குக் காரணம் உண்டு. 1986இல் உத்தரப் பிரதேசத்தில் குர்ஜா என்ற ஊரில் நல்ல எண்ணத்தோடு நடத்தப்பட்ட ஒரு கண் முகாமில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் 84 பேருக்கு அந்தக் கண் நிரந்தரமாகப் போய்விட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1989இல் தீர்ப்பு வந்தது. சேவை செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு நான் அடிக்கடி இதைச் சொல்வேன். நமக்குத் தெரியாத வேலையில் நாம் கைவைக்கக் கூடாது. தெரிந்தவர்களை அழைத்து வந்து அவர்களுக்கு வழிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முகாம் அன்று எடுக்கும் போட்டோவில் பத்துப் பேர் நிற்பார்கள். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை நாள் வரும். கண் சொட்டு மருந்தை ஒழுங்காகப் போட்டார்களா, கண்ணாடி தேவையா என்று பார்க்கும் நாள் அது. பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு வரவழைக்க வேண்டும். அன்றைக்குப் பெரும்பாலும் செயலாளரும் இன்னொருவரும்தான் இருப்பார்கள். உங்கள் ஊர் ரோட்டரி எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? முகாம் படத்தை விட்டுவிடுங்கள், மறுபரிசோதனைக்கு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று கேளுங்கள். பதில் சட்டென்று வந்தால் நல்ல சங்கம்.

இனி அந்த இரண்டாவது விஷயம், ஜூலை 1. ஒருவருக்கு ஒரு வருடம்தான் தலைவர் பதவி என்பதில் பெரிய நன்மை உண்டு. நம் ஊர்களில் கோவில் கமிட்டி, சாதிச் சங்கம், பள்ளி நிர்வாகம் எல்லாம் ஒரே ஆள் கையில் இருபது வருடம் கிடந்து சீரழிவதைப் பார்த்திருக்கிறோம். இங்கே அது நடக்காது. நாற்காலியை ஜூன் 30 அன்று விட்டே ஆக வேண்டும். அதே சமயம் இங்கே நடக்கும் அபத்தங்களில் பாதிக்கும் இதுவே காரணம்.

பதவியேற்பு விழா ஜூலையில். விழா அன்று மரக்கன்று நடுவது சம்பிரதாயம். எங்கள் பக்கம் ஜூலை என்பது ஆனி, ஆடி. காற்றுதான் அடிக்கும், மண் காய்ந்து கிடக்கும். எங்களுக்கு மழையே ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றில்தான். புது வேட்டி கட்டிய தலைவர் ஜூலையில் நட்ட வேம்பு ஆகஸ்டில் குச்சியாகிவிடும். அடுத்த தலைவர் அதே குழிக்குப் பக்கத்தில் இன்னொன்று நடுவார். அமெரிக்கக் காலண்டருக்கு நம் மழை கட்டுப்படுமா? ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு நடலாம் என்று ஒவ்வொரு வருடமும் யாராவது சொல்வோம். "விழா அன்னைக்கு ஒண்ணாவது நடணும்ல" என்று பதில் வரும். ஒன்று நட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு மிச்சத்தை மழைக்குத் தள்ளிப்போடும் சங்கங்கள் புத்திசாலிகள்.

பள்ளி உதவியும் அப்படியே. நோட்டு, பை, சீருடை எல்லாம் பிள்ளைகளுக்கு வேண்டியது ஜூன் மாதம். ஜூனில் சங்கத்தின் வருடம் முடிகிறது, பழைய தலைவரிடம் காசு இருக்காது. ஜூலையில் புதுத் தலைவர் உற்சாகமாக நோட்டு வழங்குவார். அதற்குள் பெற்றோர் கடன் வாங்கி வாங்கியிருப்பார்கள். இதற்கு ஒரு வழி இருக்கிறது: மே மாதமே பழைய, புதிய தலைவர்கள் இருவரும் சேர்ந்து ஒரே திட்டமாகச் செய்வது. இரண்டு பேருக்கும் கணக்கில் காட்ட இடம் இருக்கும், சண்டையும் வராது.

அப்புறம் ஆளுநர் வருகை. ரோட்டரியில் சில மாவட்டங்களைச் சேர்த்து ஒரு "டிஸ்ட்ரிக்ட்" என்பார்கள், அதற்கு ஒரு ஆளுநர். (ராஜ்பவன் ஆளுநர் என்று நினைத்துவிடாதீர்கள், இவரும் நம்மைப் போல மருந்துக்கடையோ மில்லோ வைத்திருப்பவர்தான்.) வருடத்துக்கு ஒருமுறை அவர் உங்கள் சங்கத்துக்கு அதிகாரபூர்வமாக வருவார். அன்று தையல் இயந்திரம், சக்கர நாற்காலி, இஸ்திரிப் பெட்டி என்று எல்லாவற்றையும் மேடையில் அடுக்கி வழங்குவார்கள். அந்த ஒரு நாளுக்காக உதவிகளை இரண்டு மூன்று மாதம் நிறுத்திவைக்கும் சங்கங்களும் உண்டு. நடக்க முடியாதவருக்கு ஆகஸ்டில் தேவைப்பட்ட நாற்காலி ஆளுநர் தேதிக்காக நவம்பர் வரை அட்டைப் பெட்டியில் கிடந்தால் அது என்ன சேவை?

ஒரு வருடத் தலைவருக்கு இன்னொரு ஆசை, தன் பெயர் சொல்ல ஒரு கட்டடமோ இயந்திரமோ. பள்ளிகளில் வைக்கும் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் இதற்கு நல்ல உதாரணம். திறப்பு விழாவில் எல்லோரும் ஒரு டம்ளர் குடிப்பார்கள். ஃபில்டரை சில மாதத்துக்கு ஒருமுறையும், உள்ளே இருக்கும் சவ்வை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவு எந்தத் தலைவரின் கணக்கில்? யார் கணக்கிலும் இல்லை. எங்கள் வட்டாரத்தில் சில பள்ளிகளில் அந்த இயந்திரத்தின் மேல் இன்று சாக்பீஸ் டப்பா உட்கார்ந்திருக்கிறது, கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்கிறது. கொடுப்பதானால் ஐந்து வருடப் பராமரிப்புக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும் என்று நான் இயக்குநர் குழுவில் அடம்பிடிப்பதுண்டு. அதனால் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர்.

ஆனால் இதே விதிகளுக்குள் இருந்துகொண்டு பல வருடம் நிற்கும் காரியம் செய்த ஊர்களும் இருக்கின்றன. எரிவாயு தகன மேடையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில், குறிப்பாகக் கொங்குப் பக்கம், நகராட்சி இடத்தில் தகன மேடையைப் பராமரிப்பது ரோட்டரிக்காரர்களின் அறக்கட்டளை. ராத்திரி பதினோரு மணிக்கு இறந்துபோனவர் வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்க ஆள் வேண்டும், காலையில் அமரர் ஊர்தி வர வேண்டும், சிலிண்டர் இருக்க வேண்டும், அஸ்தி மாறாமல் கொடுக்க வேண்டும், சான்றிதழுக்கான விவரம் சரியாக எழுத வேண்டும். தினமும் நடக்கிற வேலை இது. ஏன் நன்றாக நடக்கிறது? சங்கத்திலிருந்து பிரித்துத் தனி அறக்கட்டளை ஆக்கிவிட்டார்கள். சங்கத் தலைவர் வருடாவருடம் மாறட்டும், அறங்காவலர்கள் மாற மாட்டார்கள். சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது, கட்டணம் இருக்கிறது, தனிக் கணக்கு இருக்கிறது. நீடிக்க வேண்டிய எதையும் ஜூலை 1இன் கையில் கொடுக்காமல் இப்படி ஒதுக்கி வைத்துவிட வேண்டும்.

ரத்த தானத்திலும் இந்தக் காலண்டர் விளையாட்டு உண்டு. ஜூன் 14 உலக ரத்த கொடையாளர் தினம், அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்த தான தினம். அன்றைக்கு எல்லாச் சங்கங்களும் கல்லூரிகளும் ஒரே நேரத்தில் முகாம் போட்டு நூற்றுக்கணக்கில் ரத்தம் குவிப்பார்கள். சிவப்பணுக்களை அதிகம் போனால் 42 நாள் வைத்திருக்கலாம், தட்டணுக்களை ஐந்தே நாள்தான். குவிந்தது வீணாகும், ஏப்ரல், மே மாதத்தில் கல்லூரி லீவு விட்டதும் ரத்த வங்கியில் ஆள் தேடுவார்கள். மழைக்காலத்தில் டெங்கு வந்தால் தட்டணுக்களுக்கு ஓட்டம். எனவே ரத்த வங்கி மருத்துவரிடம் "உங்களுக்கு எப்போது வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, கோடையில் சின்னச் சின்ன முகாமாக நடத்துகிற சங்கம்தான் விவரம் தெரிந்தது. நீங்கள் கொடுக்க முடியுமா என்று கேட்டால், 18 முதல் 65 வயது வரை கொடுக்கலாம்; எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 12.5, ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. ஆனால் 60 வயதுக்கு மேல் முதல் முறையாகக் கொடுக்க வருகிறவர்களை எடுக்க மாட்டார்கள். இதுவரை கொடுத்ததில்லை என்றால் நீங்கள் பதிவு மேசையில் உட்காரலாம், அங்கேதான் எப்போதும் ஆள் பற்றாக்குறை.

கண்தானத்துக்கு முகாமே தேவையில்லை, போன் நம்பர் போதும். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். தகவல் வந்ததும் சங்க உறுப்பினர் செய்ய வேண்டியது: கண் வங்கிக்குச் சொல்வது, வீட்டில் இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைக்கச் சொல்வது, மேலே ஓடும் ஃபேனை நிறுத்தச் சொல்வது, தலைக்கு ஒரு தலையணை வைத்து உயர்த்தச் சொல்வது. வந்து எடுத்துப் போக அரை மணி நேரம்கூட ஆகாது, முகம் மாறாது. கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், புரை அறுவை செய்தவர் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். துக்க வீட்டில் இதை எடுத்துச் சொல்ல நாக்கு எழாது. மூத்த உறுப்பினர் ஒருவர் அந்த வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, அழுகை கொஞ்சம் அடங்கியதும் மூத்த மகனைத் தனியாகக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொல்வார். எல்லோராலும் முடியாது அது.

போலியோவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ரோட்டரிக்காரர்கள் என்னை அடிப்பார்கள். 1985இல் போலியோவை ஒழிக்க உலக அளவில் ரோட்டரி இறங்கியது. இந்தியாவில் 1995இல் சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டதுதான் கடைசி நோயாளி. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லை என்று சான்றிதழ் கிடைத்தது. இதில் உண்மையில் வீடு வீடாக நடந்தவர்கள் சுகாதாரத் துறைச் செவிலியர்களும் அங்கன்வாடிப் பெண்களும். சங்கத்தார் உலக அளவில் பெரும் பணம் திரட்டினார்கள். உள்ளூரில் பந்தல், சாப்பாடு, வாகனம், பஸ் ஸ்டாண்டில் நின்று குழந்தைகளைக் கூப்பிடுவது என்று கைகொடுத்தார்கள். பங்கு பெரியதுதான், ஆனால் மேடையில் பேசும்போது அந்தச் செவிலியர் பெயர் வருவதில்லை என்பது எனக்குக் குறை.

பணம். சந்தா ஊருக்கு ஊர் மாறும், எனவே உங்கள் மருந்துக்கடைக்காரரிடமே நேராகக் கேளுங்கள்; இதில் கூச்சம் வேண்டாம். தலைமையகத்துக்கு ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்கு 80 டாலரை ஒட்டி ஒரு தொகை போகும். அதற்குமேல் டிஸ்ட்ரிக்ட் சந்தா, பத்திரிகைச் சந்தா, கூட்டச் சாப்பாடு. இதெல்லாம் தெரிந்த செலவு. தெரியாத செலவுதான் கூட. பதவியேற்பு விழா நன்கொடை, மாநாட்டுப் பதிவுக் கட்டணம், குடும்பச் சுற்றுலா, ரோட்டரி அறக்கட்டளைக்கு நன்கொடை. ஆயிரம் டாலர் கொடுத்தால் பால் ஹாரிஸ் ஃபெலோ என்று ஒரு பதக்கமும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பின்னும் தருவார்கள்; அதற்குத் தூண்டிவிடவும் ஆள் இருக்கும். ஓய்வூதியத்தில் இருக்கிறீர்கள், அதனால் முதல் நாளே "சந்தாவும் என் உழைப்பும்தான், மற்றபடி எனக்கு வசதி இல்லை" என்று சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கணக்குத் தெரிந்த, பகலில் நேரம் இருக்கிற ஒரு ஆள் கிடைத்தால் எந்தச் சங்கமும் விடாது. அடுத்த ஜூலையில் உங்களைப் பொருளாளர் ஆக்கப் பார்ப்பார்கள். ஆனால் அதற்கு முன் ஒன்று கேளுங்கள்: நிர்வாகக் கணக்கும் திட்டக் கணக்கும் வங்கியில் தனித்தனியா? கண் முகாமுக்கு வந்த நன்கொடை விழாச் சாப்பாட்டுக்குப் போகாமல் இருக்க அது ஒன்றுதான் காவல். வருமான வரி விலக்கோடு ரசீது வேண்டும் என்று யாராவது நன்கொடையாளர் கேட்டால், அதற்கு 80ஜி பெற்ற அறக்கட்டளை இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ரோட்டரியா அரிமாவா என்று சிலர் யோசிப்பார்கள். அரிமா சங்கம் 1917இல் அதே சிகாகோவில் தொடங்கியது, இந்தியாவுக்கு 1956இல் வந்தது. 1925இல் ஹெலன் கெல்லர் அவர்கள் மாநாட்டில் பேசிக் கேட்டுக்கொண்டதிலிருந்து கண் தொடர்பான வேலையில் அவர்கள் முன்னே. கூட்டத்தில் டெயில் டுவிஸ்டர் என்று ஒரு பதவி உண்டு, தாமதமாக வந்தவர், பேட்ஜ் குத்தாதவர், சொந்தக் கடை விளம்பரம் பேசியவர் எல்லோரிடமும் விளையாட்டாக அபராதம் வசூலிப்பார். ஜேசீஸ் என்ற இளைஞர் அமைப்பு 40 வயது வரைக்கும்தான், அதனால் நம் இருவருக்கும் கதவு அடைத்தாயிற்று. மற்றபடி பெயரைப் பார்க்க வேண்டாம். உங்கள் ஊரில் எதில் வேலை செய்கிற நாலு பேர் இருக்கிறார்களோ அங்கே போங்கள்.

மனைவி சேரலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக, முழு உறுப்பினராகவே. 1989 வரை ரோட்டரி விதிப்படி ஆண்கள் மட்டும்தான். அமெரிக்காவில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் விதி மாறியது. அதற்கு முன்பு 1924இலேயே மான்செஸ்டரில் ரோட்டரிக்காரர்களின் மனைவிமார் தொடங்கிய இன்னர் வீல் தனி அமைப்பாக இன்றும் நம் ஊர்களில் நன்றாக நடக்கிறது. சிறு நகரங்களில் இன்னும் பழைய பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும்: உறுப்பினர்களின் மனைவியரை "ஆன்ஸ்" என்று கூப்பிட்டுக் குத்துவிளக்கு ஏற்றவும் கோலப்போட்டி நடத்தவும் மட்டும் வைத்துக்கொள்வார்கள். உங்கள் மனைவி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றால் அந்த வட்டத்துக்குள் அடைபட வேண்டாம். அவர் பெயரையும் தனியாக முன்மொழியச் சொல்லுங்கள். அரசுப் பெண்கள் பள்ளியில் இண்டராக்ட் (ரோட்டரி பள்ளிகளில் நடத்தும் மாணவர் சங்கம்) மாணவிகளோடு வேலை செய்ய ஒரு பெண் உறுப்பினர் இல்லாமல் எத்தனையோ சங்கங்கள் திணறுகின்றன. (இண்டராக்ட் முதலில் 1962இல் ஃபுளோரிடாவில் ஒரு பள்ளியில் தொடங்கியது, அதற்கடுத்து நம் தஞ்சாவூரில்தான்.)

முதல் கூட்டத்துக்குப் போகும்போது கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள், ஏழரை என்றால் ஏழு இருபது. மணி அடிப்பதற்கு முன் அங்கே யார் யார் இருக்கிறார்கள், என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். பேச்சு முழுக்கப் பதவி, டிஸ்ட்ரிக்ட் தேர்தல், ஆளுநருக்கு எந்த ஓட்டலில் சாப்பாடு என்றே போனால் சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள். யாராவது ஒருவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, "இந்தப் பதினாலு பேர் இன்னும் மறுபரிசோதனைக்கு வரல, யார் யாருக்குப் போன் போடுறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தால், அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள்.